அண்மைப் பேரடை விண்மீன்களின் வேதி உட்கூறும் அகவையும் அறிதல்

அண்மைப் பேரடை விண்மீன்களின் வேதி உட்கூறும் அகவையும் அறிதல் என்பது, பால்வழிக்கு வெளியே, அதே வேளை விண்மீன்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கக்கூடிய தொலைவில் அமைந்துள்ள பேரடைகளில், விண்மீன்கள் எந்தெந்தத் தனிமங்களால் ஆனவை, அவை எப்போது பிறந்தன என்பவற்றை அவற்றின் ஒளியிலிருந்து கணிக்கும் வானியற்பியல் துறையாகும். பெரிய மாகெல்லன் முகில் (ஏறத்தாழ 1,60,000 ஒளியாண்டுகள்), சிறிய மாகெல்லன் முகில் (ஏறத்தாழ 2,00,000 ஒளியாண்டுகள்), அந்திரொமேடா பேரடை (ஏறத்தாழ 25 இலட்சம் ஒளியாண்டுகள்) ஆகியனவும் பால்வழியைச் சுற்றிவரும் பல குறும்பேரடைகளும் இவ்வாய்வுக்கு உரியவை.

இவ்விரு அளவுகளும் ஒரே தன்மையன அல்ல. வேதி உட்கூற்றை நிறமாலையிலிருந்து பெருமளவு நேரடியாகப் படிக்கலாம். அகவையை அவ்வாறு படிக்க இயலாது. விண்மீன்கள் காலப்போக்கில் எவ்வாறு மாறுகின்றன என்னும் கோட்பாட்டுடன் ஒப்பிட்டு உய்த்துணரவே வேண்டும். அந்த ஒப்பீட்டைச் செய்வதற்கு வேதி உட்கூறு முன்னரே தெரிந்திருக்க வேண்டும். இத்துறையின் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த ஒரு காரணத்திலிருந்தே தோன்றுகின்றன.

தமிழ்நாட்டில் இத்துறையோடு தொடர்புடைய இடம், சவ்வாது மலையில் காவலூரில் உள்ள வைணு பாப்பு வானாய்வகம் ஆகும். பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணியிலிருந்து இது நேர்கோட்டில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் மேற்கே உள்ளது. இதனை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனம் பெங்களூரில் அமைந்துள்ளது. மாகெல்லன் முகில்களின் உலோகத்தன்மை, அகவை ஆகியவை பற்றிய குறிப்பிடத்தக்க ஆய்வுகள் இந்நிறுவனத்திலிருந்து வெளிவந்துள்ளன.

தொலைவு விதிக்கும் எல்லை

வானியலில் ஒரு பொருளின் தோற்ற ஒளியை ஒளிப்பொலிவெண்ணால் குறிப்பர். எண் கூடக் கூட ஒளி மங்கும். 5 எண்கள் கூடினால் ஒளி 100 மடங்கு குறையும். இருண்ட வானில் வெறுங்கண்ணின் எல்லை ஏறத்தாழ 6 ஆகும். நமது சூரியனைப் போன்ற ஒரு விண்மீன் பெரிய மாகெல்லன் முகிலில் இருந்தால் அதன் ஒளிப்பொலிவெண் ஏறத்தாழ 23.3 ஆகவும், அந்திரொமேடாவில் இருந்தால் 29-ஐத் தாண்டியும் இருக்கும். இவ்வளவு மங்கலான ஒளியைப் படம் பிடிப்பதே கடினம். நிறமாலையாக விரிக்கும்போது அந்தச் சிறிதளவு ஒளியும் ஆயிரக்கணக்கான பகுதிகளாகப் பங்கிடப்படுவதால் பணி மேலும் கடினமாகிறது.

எனவே ஆய்வாளர்கள் செம்பெருமீன்களையே பெரிதும் நாடுகின்றனர். சூரியனைப் போன்ற விண்மீன் தன் மையத்திலுள்ள ஐதரசனைத் தீர்த்தபின் ஊதிப் பெருத்துச் சிவக்கும். அந்நிலையின் உச்சியில் அதன் ஒளி முன்பிருந்ததைப் போல் ஆயிரம் மடங்கைத் தாண்டும். அந்திரொமேடாவின் மிகவும் ஒளிர்ந்த செம்பெருமீன்கள் அண்மை அகச்சிவப்பு ஒளியில் ஏறத்தாழ 20.5 ஒளிப்பொலிவெண் கொண்டவை. பெரிய தொலைநோக்கிகளால் இவற்றின் நிறமாலையைப் பெற முடியும்.

அந்திரொமேடாவின் மையப் பகுதியைத் தனித்தனி விண்மீன்களாக முதன்முதலில் பிரித்துக் காட்டியவர் வால்டர் பாடே. இரண்டாம் உலகப் போர்க்கால இருட்டடிப்பால் லாசு ஏஞ்சலசு நகரின் விளக்குகள் மங்கியிருந்தபோது, மவுண்ட் வில்சன் வானாய்வகத்தின் 100 அங்குலத் தொலைநோக்கியைக் கொண்டு அவர் இதைச் செய்தார். 1944 இல் வெளியான அம்முடிவுகளில், விண்மீன்களை அவர் இரு தொகுதிகளாகப் பிரித்தார். முதல் தொகுதி பேரடைத் தட்டிலுள்ள இளைய நீல விண்மீன்களையும், இரண்டாம் தொகுதி மையத்திலும் கோளகக் கொத்துகளிலும் உள்ள செவ்விய விண்மீன்களையும் உள்ளடக்கியவை. அகவைக்கும் உலோகத்தன்மைக்கும் தொடர்புண்டு என்னும் எண்ணம் இப்பகுப்பிலிருந்தே வளர்ந்தது.

வேதி உட்கூற்றை அறிதல்

விண்மீனின் மேற்பரப்பிலுள்ள ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய அலைநீளங்களில் ஒளியை உறிஞ்சி, நிறமாலையில் இருண்ட கோடுகளை உண்டாக்குகிறது. கோடு வலிமையாக இருந்தால் அத்தனிமம் மிகுதி என்று முடிவு செய்வது இயல்பாகத் தோன்றும்; ஆனால் அது தவறு. கோட்டின் வலிமை, அணுக்களின் எண்ணிக்கையை மட்டுமன்றி வெப்பநிலையையும் அழுத்தத்தையும் சார்ந்தது. இத்தொடர்பைக் கணக்கிட வழிகாட்டியது 1920 இல் மேகநாத சாகா வெளியிட்ட அயனியாக்கச் சமன்பாடு. அதனைப் பயன்படுத்தி 1925 இல் செசிலியா பெய்ன், விண்மீன்களில் ஐதரசனே மிகப் பெரும்பங்கு என்று கண்டார். என்றி நோரிசு ரசல் முதலில் இதை ஏற்கவில்லை. 1929 இல் தம் சொந்த ஆய்வின் வழி அதே முடிவுக்கு வந்தார்.

வானியலாளர்கள் ஐதரசனும் ஈலியமும் தவிர்ந்த எல்லாத் தனிமங்களையும் 'உலோகம்' என்றே அழைப்பர். ஆக்சிசனும் கரிமமும்கூட இவ்வழக்கில் உலோகங்களே. வேதியியல் மாணவருக்கு இது விந்தையாகத் தோன்றலாம். உலோகத்தன்மை பொதுவாக இரும்புக்கும் ஐதரசனுக்கும் உள்ள விகிதத்தைச் சூரியனோடு ஒப்பிட்டு மடக்கை அளவில் தரப்படும். சூரியனின் மதிப்பு 0. −1 என்றால் சூரியனில் பத்தில் ஒரு பங்கு, −2 என்றால் நூறில் ஒரு பங்கு.

தொலைவிலுள்ள செம்பெருமீன்களுக்கு அதிகம் பயன்படுவது கால்சியத்தின் மூன்று கோடுகளாகும். இவை 849.8, 854.2, 866.2 நானோமீட்டர் அலைநீளங்களில் அமைந்துள்ளன. இவை அகன்ற வலிய கோடுகள் ஆதலால் நடுத்தரப் பகுதிறன் கொண்ட நிறமாலைமானியே போதும். ஒரே நேரத்தில் பல விண்மீன்களையும் நோக்கலாம். அளக்கப்படுவது கால்சியம் எனினும் அறிவிக்கப்படுவது இரும்பின் அளவு. உலோகத்தன்மை நன்கு தெரிந்த கொத்துகளில் இக்கோடுகள் எவ்வாறு உள்ளன என்று பார்த்து அளவுத்திருத்தம் செய்வதன் மூலம் இம்மாற்றம் நடைபெறுகிறது. கால்சியமும் இரும்பும் எல்லாப் பேரடைகளிலும் ஒரே விகிதத்தில் இருப்பதில்லை என்பதால், இம்முறையைக் கவனத்துடனேயே கையாள வேண்டும்.

அந்த விகித வேறுபாடே ஒரு கடிகாரமாகவும் பயன்படுகிறது. மக்னீசியம், கால்சியம் முதலியவை பெரும்பாலும் பெருநிறை விண்மீன்கள் வெடிக்கும்போது வெளியாகின்றன. அத்தகைய விண்மீன்கள் பிறந்து சில மில்லியன் முதல் சில பத்து மில்லியன் ஆண்டுகளுக்குள் வெடித்துவிடும். இரும்பின் கணிசமான பகுதி, வெண்குறுமீன்கள் வெடிப்பதால் பின்னர்தான் வந்து சேர்கிறது. ஆகவே விண்மீன்கள் விரைவாக உருவான பேரடையில், இரும்பு வந்து சேருமுன் மக்னீசியமும் கால்சியமும் மிகுந்த விண்மீன்கள் நிறையத் தோன்றியிருக்கும். மெதுவாக உருவான பேரடையில் அவ்வாறிராது. 2000களின் தொடக்கத்தில் குறும்பேரடைகளின் செம்பெருமீன்களை ஆராய்ந்தபோது, அதே உலோகத்தன்மை கொண்ட பால்வழியின் ஒளிவட்ட விண்மீன்களைவிட அவற்றுள் பலவற்றில் இத்தனிமங்கள் இரும்பை நோக்கக் குறைவாக இருப்பது தெரியவந்தது. பால்வழியின் ஒளிவட்டம் இன்றுள்ள குறும்பேரடைகளைப் போன்றவற்றை விழுங்கி மட்டுமே உருவானது என்ற எளிய விளக்கத்துக்கு இது பெரும் தடையாயிற்று.

சில வேளைகளில் ஒரே நிகழ்வின் தடயமும் கிடைக்கும். 2015 இல் கண்டறியப்பட்ட ரெட்டிக்குலம் 2 என்னும் மிக மங்கலான குறும்பேரடையில், நோக்கப்பட்ட 9 விண்மீன்களுள் 7 இல் யூரோப்பியம், பேரியம் போன்ற கன தனிமங்கள் வியக்கத்தக்க அளவு மிகுந்திருந்ததாக 2016 இல் அறிவிக்கப்பட்டது. நியூத்திரன் விண்மீன்களின் மோதல் போன்ற ஓர் அரிய நிகழ்வு அச்சிறு பேரடை முழுவதையும் மாசுபடுத்தியிருக்க வேண்டும் என்பது இதற்கான விளக்கம். தங்கமும் அத்தகைய நிகழ்வுகளில் உருவாகும் தனிமமே. பட்டுச் சேலையின் சரிகையில் பூசப்படும் பொன்னுக்கும் இதே பிறப்பு வரலாறு உண்டு.

அகவையை அறிதல்

விண்மீனின் நிறை கூடினால் எரிபொருளும் கூடும். ஆனால் அது செலவாகும் வேகம் அதனினும் மிகுதியாகக் கூடும். சூரியன் தன் முதன்மை வரிசைக் காலத்தில் ஏறத்தாழ 1,000 கோடி ஆண்டுகள் இருக்கும். அதைப்போல் 10 மடங்கு நிறையுள்ள விண்மீன் ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளில் முடிந்துவிடும். ஒரே காலத்தில் பிறந்த விண்மீன்களை, நிறத்தைக் கிடையச்சிலும் ஒளியை நிலையச்சிலும் கொண்ட வரைபடத்தில் குறித்தால், முதன்மை வரிசை ஓரிடத்தில் முறிந்து சிவப்புப் பக்கம் திரும்புவதைக் காணலாம். அத்திருப்புமுனையில் இப்போதுதான் எரிபொருள் தீரும் விண்மீன்கள் உள்ளன. அவற்றின் ஆயுளே அக்கூட்டத்தின் அகவை.

கொள்கை எளிது, தொலைவுதான் இடர். முதுமையான கூட்டத்தின் திருப்புமுனை சூரியனைவிடச் சற்றே ஒளிமிக்க விண்மீன்களில் அமைகிறது. மாகெல்லன் முகில்களில் அது ஏறத்தாழ 22.5 ஒளிப்பொலிவெண்ணில் தென்படும், அந்திரொமேடாவில் 28.5 வரை செல்ல வேண்டும். 2003 இல் தாமசு பிரவுன் குழுவினர் ஹபிள் தொலைநோக்கியால் அந்திரொமேடாவின் ஒளிவட்டத்தில் ஒரு சிறு பகுதியை ஏறத்தாழ மூன்றரை நாள் ஒளிப்பதிவு செய்து அந்த எல்லையை எட்டினர். அங்கு எல்லா விண்மீன்களும் முதியவை என்ற எதிர்பார்ப்புக்கு மாறாக, ஏறத்தாழ 30 விழுக்காடு 600 முதல் 800 கோடி ஆண்டு அகவையுடைய, உலோகம் மிகுந்த விண்மீன்கள் என அவர்கள் கண்டனர். நம் அண்டைப் பேரடை தன் அமைதியான தோற்றத்துக்குப் பின்னால் மோதல்களின் வரலாற்றைக் கொண்டுள்ளது என்பதற்கு இது வலுவான சான்று.

திருப்புமுனையை எட்ட முடியாதபோது செம்பெருமீன்களின் நிறமே எஞ்சுகிறது. இங்குதான் அகவை–உலோகத்தன்மைக் குழப்பம் எழுகிறது. அகவை கூடினாலும் செம்பெருமீன் சிவக்கும். உலோகம் கூடினாலும் சிவக்கும். இடையிலுள்ள தூசியும் ஒளியைச் சிவக்கச் செய்யும். செம்பெருமீன்களின் நிறம் அகவையைவிட உலோகத்தன்மைக்கே மிகுதியாக இசைவதால், அவை உலோகமானிகளாகப் பயன்படுகின்றன, கடிகாரமாக அல்ல. விண்மீன்களைத் தனியே பிரிக்க முடியாத தொலைப் பேரடைகளில் இக்குழப்பம் இன்னும் மோசம். அவற்றின் கூட்டொளியில், அகவையை மும்மடங்காக்குவதும் உலோகத்தன்மையை இருமடங்காக்குவதும் ஏறத்தாழ ஒரே தோற்றத்தைத் தரும் என 1994 இல் கை வொர்த்தி காட்டினார். அண்மைப் பேரடைகளின் மதிப்பு இதில் அடங்கியுள்ளது. தொலைவிலுள்ளவற்றுக்குப் பயன்படுத்தும் முறைகள் சரியா என்பதை இங்கு விண்மீன் விண்மீனாகச் சரிபார்க்கலாம்.

மாகெல்லன் முகில்கள்

இரு முகில்களும் அண்மையில் இருப்பதோடு, பால்வழியில் அரிதான ஒன்றையும் கொண்டுள்ளன: இளமையான, பெரிய, செறிவான விண்மீன் கொத்துகள். ஒரு கொத்தின் விண்மீன்கள் ஏறத்தாழ ஒரே காலத்தவை என்பதால், அகவை கணிக்க இவையே நம்பகமான பொருள்கள். பெரிய முகிலின் கொத்துகளில் ஒரு புதிர் நெடுநாளாக அறியப்பட்டுள்ளது. 1,200 கோடி ஆண்டுகளை ஒட்டிய முதிய கொத்துகள் சில உள்ளன. 300 கோடி ஆண்டுகளுக்கு உட்பட்டவை ஏராளம். இடைப்பட்ட காலத்தில் கொத்துகள் மிக அரிது. அவ்விடைவெளியில் நெடுங்காலம் அறியப்பட்டிருந்த ஒரே கொத்து ஈஎஸ்ஓ 121-எஸ்சி03 ஆகும். சிறிய முகிலில் இத்தகைய இடைவெளி இல்லை. பெரிய முகிலின் கொத்துகள் அக்காலத்தில் உருவாகவே இல்லையா, உருவாகிச் சிதைந்தனவா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை.

இந்திய வானியற்பியல் நிறுவனத்தில் அன்னபூரணி சுப்பிரமணியமும் அவருடன் பணியாற்றியவர்களும் முகில்களை வேறொரு வழியில் அணுகினர். இவர் அந்நிறுவனத்திலேயே விண்மீன் கொத்துகள் குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்தவர். 2019 இல் அதன் இயக்குநரானார். புதிய தொலைநோக்கி நேரத்துக்குக் காத்திராமல், சிலி நாட்டின் லாசு கம்பானாசில் எடுக்கப்பட்டு எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட இரு பெரும் ஒளியளவைத் தொகுப்புகளை இவர்கள் பயன்படுத்தினர். ஒன்று போலந்து வானியலாளர்களின் ஓகிள் மூன்றாம் கட்டத் தொகுப்பு. மற்றது மாகெல்லன் முகில்கள் ஒளியளவைத் தொகுப்பு. இரண்டிலும் பல மில்லியன் விண்மீன்களின் ஒளியும் நிறமும் பதிவாகியுள்ளன.

2011 இல் இந்துவும் சுப்பிரமணியமும் முகில்களைச் சிறுசிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் முதன்மை வரிசையின் திருப்புமுனையைக் கண்டு, அங்கு கடைசியாக விண்மீன்கள் பிறந்தது எப்போது எனக் கணித்தனர். கடந்த 10 கோடி ஆண்டுகளில் இரு முகில்களிலும் விண்மீன் பிறப்பு உட்பகுதியை நோக்கிச் சுருங்கி வந்துள்ளது என்பது அவர்களது முடிவு. பெரிய முகிலில் 9 முதல் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பும், கடந்த 1 கோடி ஆண்டுகளுக்குள்ளும் பிறப்பு உச்சமடைந்தது. சிறிய முகிலில் முந்தைய உச்சம் 5 முதல் 6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு.

உலோகத்தன்மைக்கான பணி இதனினும் சுவையானது. சம்யதய் சௌத்ரி, சுப்பிரமணியம், தாசுமேனியாவைச் சேர்ந்த ஆண்ட்ரூ கோல் ஆகியோர் 2016 இல் பெரிய முகிலுக்கான உலோகத்தன்மை வரைபடத்தை வெளியிட்டனர். வரைபடத்தில் செம்பெருமீன்கள் ஒரு சாய்ந்த கிளையாக அமையும். உலோகம் குறைந்த கூட்டத்தில் அக்கிளை செங்குத்தாக நிற்கும். உலோகம் மிகுந்தால் சிவப்புப் பக்கம் சாயும். எனவே ஒவ்வொரு சிறுபகுதியிலும் கிளையின் சாய்வை அளந்தால், அப்பகுதியின் சராசரி உலோகத்தன்மை கிடைக்கும். ஆனால் எந்தச் சாய்வு எந்த மதிப்புக்கு உரியது? அதற்கு, ஏற்கெனவே நிறமாலை எடுக்கப்பட்ட செம்பெருமீன்கள் உள்ள பகுதிகளைக் கொண்டு அளவுகோலை நிலைநிறுத்தினர். ஒளிச்செலவு மிகுந்த நிறமாலைகள் சிலவற்றைக் கொண்டு, மலிவாகக் கிடைத்த ஒளியளவுகளுக்கு எல்லாம் பொருள் காண்பது இம்முறையின் சாரம்.

பெரிய முகிலின் சராசரி −0.37 முதல் −0.39 வரை எனக் கிடைத்தது. அதாவது சூரியனைப்போல் ஏறத்தாழ 40 விழுக்காடு இரும்பு. அதன் மையச் சட்டகமே உலோகம் மிகுந்த பகுதி. வெளியே செல்லச் செல்ல மிக மெதுவாகக் குறைகிறது. இதே முறையால் 2018 இல் சிறிய முகிலுக்குக் கிடைத்த சராசரி −0.94, சூரியனில் ஒன்பதில் ஒரு பங்கு. இம்முறைக்கும் எல்லை உண்டு. ஒரு சிறுபகுதியில் வெவ்வேறு அகவையினர் கலந்திருப்பர். சராசரி அவர்கள் அனைவரையும் ஓர் எண்ணில் அடக்கிவிடும். தனித்தனி விண்மீன்களின் தனிம விகிதங்களை இது தராது. அவற்றுக்கு அகச்சிவப்பு நிறமாலை அளவையான அபோகி போன்றவை தேவை. 2020 இல் வெளியான அபோகி முடிவுகள், முகில்களின் ஏறத்தாழ 3,800 செம்பெருமீன்களைக் கொண்டு, அவை தொடக்கத்தில் மிக மெதுவாகவே விண்மீன்களை உருவாக்கின எனக் காட்டின.

காவலூரின் பங்கு

காவலூரில் 1968 இல் 38 செ.மீ. தொலைநோக்கியுடன் நோக்கல்கள் தொடங்கின. 1972 இல் 102 செ.மீ. தொலைநோக்கியும், 1986 சனவரி 6 அன்று 2.34 மீட்டர் தொலைநோக்கியும் செயற்பாட்டுக்கு வந்தன. பெரிய தொலைநோக்கியைத் திட்டமிட்ட வைணு பாப்பு 1982 இல் காலமானதால், அதற்கும் வானாய்வகத்துக்கும் அவர் பெயர் இடப்பட்டது. அத்தொலைநோக்கி சேர்க்கும் ஒளி, கண்ணாடி இழை வழியே ஒரு தனி அறையிலுள்ள உயர் பகுதிறன் நிறமாலைமானிக்குச் செல்கிறது.

12.6 பாகை வட அகலாங்கில் அமைந்திருப்பதால் காவலூரிலிருந்து தென்வானின் பெரும்பகுதி தெரியும். இருப்பினும் பெரிய மாகெல்லன் முகில் அடிவானத்துக்கு மேல் 8 பாகைக்கும் குறைவாகவே எழுகிறது. சிறிய முகில் 5 பாகையைக்கூட எட்டுவதில்லை. அந்த உயரத்தில் ஒளி, தலைக்கு மேலிருந்து வருவதைப்போல் ஏழு மடங்கு காற்றைக் கடக்க வேண்டும். மங்கலான விண்மீன்களின் உட்கூற்றை அளக்க இது ஏற்றதன்று. பெங்களூர் ஆய்வாளர்கள் சிலி நாட்டுத் தரவுகளை நாடியதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். எனினும் 1987 இல் அம்முகிலில் மீயொளிர் விண்மீன் 1987ஏ வெடித்தபோது, காவலூரிலிருந்து அதன் நிறமாலைகள் பதிவு செய்யப்பட்டன. வெறுங்கண்ணுக்கே தெரியும் அளவு அது ஒளிர்ந்ததால் அது இயன்றது.

காவலூருக்கு எட்டும் 'அண்டைப் பேரடை' ஒன்று உண்டு என்றும் சொல்லலாம். சென்டாரசு விண்மீன் குழுவிலுள்ள ஒமேகா சென்டாரி ஏறத்தாழ 17,000 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. பால்வழியின் மிகப்பெரிய கோளகக் கொத்து எனக் கணக்கிடப்படுவது. மற்றக் கோளகக் கொத்துகளில் விண்மீன்களின் இரும்பு அளவு பெரும்பாலும் ஒன்றாக இருக்க, இதில் மட்டும் பத்து மடங்குக்கும் மேல் வேறுபடுகிறது. எனவே இது கொத்தன்று, பால்வழியால் விழுங்கப்பட்ட ஒரு குறும்பேரடையின் எஞ்சிய மையம் என்று பலர் கருதுகின்றனர். 2024 இல், இதன் நடுவில் வழக்கத்துக்கு மாறான வேகத்துடன் நகரும் 7 விண்மீன்களை ஹபிள் படங்களில் கண்டு, சூரியனைப்போல் குறைந்தது 8,200 மடங்கு நிறையுள்ள கருந்துளை அங்கிருக்க வேண்டும் என ஒரு குழு அறிவித்தது. இதுவும் அக்கருத்துக்கு வலுவூட்டுகிறது.

ஒமேகா சென்டாரியின் செம்பெருமீன்களை ஹேமாவும் கசேந்திர பாண்டேயும் காவலூரின் 2.34 மீட்டர் தொலைநோக்கியால் நோக்கினர். ஈலியத்தின் கோடுகள் குளிர்ந்த விண்மீன்களில் தோன்றுவதில்லை. எனவே அதனை மறைமுகமாகவே அணுக முடியும். மக்னீசியமும் ஐதரசனும் சேர்ந்த மூலக்கூற்றின் பட்டை, மக்னீசிய அணுவின் கோடுகளை நோக்க எதிர்பார்த்ததைவிட வலுக்குறைந்து இருந்தால், அங்கு ஐதரசன் குறைவு, அதாவது ஈலியம் மிகுதி என உய்த்துணரலாம். இத்தகைய விண்மீன்கள் சிலவற்றை 2014 இல் அவர்கள் அறிவித்தனர். பின்னர் தென்னாப்பிரிக்காவின் 10 மீட்டர் வகைத் தொலைநோக்கியான சால்ட் தந்த உயர் பகுதிறன் நிறமாலைகளைக் கொண்டு செய்த ஆய்வு, ஈலியம் மிகுந்த குளிர் விண்மீன்கள் அங்கிருப்பதை 2020 இல் உறுதிசெய்தது. இம்முடிவு அகவைக் கணிப்பையும் பாதிக்கும். ஈலியம் மிகுந்த விண்மீன் அதே நிறையுள்ள பிற விண்மீனைவிட விரைவாக எரிபொருளைத் தீர்க்கும் என்பதால், ஈலிய அளவு தெரியாமல் கணித்த அகவை பிழைபடும்.

புறஊதா நோக்கல்கள்

2015 செப்டம்பர் 28 அன்று ஏவப்பட்ட ஆசுட்ரோசாட் செயற்கைக்கோளின் புறஊதாத் தொலைநோக்கியை உருவாக்கியதிலும் இந்திய வானியற்பியல் நிறுவனம் முதன்மைப் பங்கு வகித்தது. 37.5 செ.மீ. விட்டமுள்ள இரு தொலைநோக்கிகளைக் கொண்ட இக்கருவி, 28 பாகைத்துளி அகலப் பரப்பை 1.5 பாகைநொடியினும் நுட்பமாகப் படம் பிடிக்கிறது. புறஊதாவில் ஒளிர்பவை பெரும்பாலும் சூடான இளம் விண்மீன்கள். ஆகவே அண்மைக்கால விண்மீன் பிறப்பை அறிய இது உகந்தது. சிறிய மாகெல்லன் முகிலும் அந்திரொமேடாவும் இதனால் நோக்கப்பட்டுள்ளன. இதன் அண்மைப் புறஊதாப் பிரிவு 2018 இல் செயலிழந்தது.

ஆரணிப் பகுதியிலிருந்து காணத்தக்கவை

ஆரணியும் காவலூரும் ஏறத்தாழ ஒரே அகலாங்கில் இருப்பதால், மேற்கூறிய உயரங்கள் ஆரணிக்கும் பொருந்தும். நவம்பர் நடுப்பகுதியில், மழைமுகில் இல்லாத இரவில், 9 மணியளவில் வடக்கே 61 பாகை உயரத்தில் அந்திரொமேடா பேரடையை மங்கலான திட்டாகக் காணலாம். மே மாத இறுதியில் அதே நேரத்தில் ஒமேகா சென்டாரி தெற்கே 30 பாகை உயரத்தில் இருக்கும்; நகர விளக்குகளை விட்டு விலகிச் சென்றால் வெறுங்கண்ணுக்கே தெரியும், சாதாரண இருகண்ணோக்கியில் பஞ்சுப் பொதி போலத் தோன்றும். பெரிய மாகெல்லன் முகில் சனவரி இறுதியில் இரவு 9 மணியளவில் தென் அடிவானத்தை ஒட்டி உச்சமடைகிறது. தெற்கே மலையோ மரமோ மறைக்காத, இருண்ட இடமாக இருந்தால் மட்டுமே அதற்கு முயலலாம்.